இடது கால் கற்றுக்கொண்டது

டிப்போவில் அவருக்குப் பஞ்சுக்கால் என்று பெயர். அவர் பிரேக் பிடித்தால் பஸ்ஸில் நிற்பவர்கள் கம்பியைத் தேட மாட்டார்கள். கையில் டீ இருந்தால்கூடத் தளும்பாது. அந்தக் கால் வலது கால். பஸ் கழுவும் இடத்துச் சாக்கடை மூடி புரண்டு, கணுக்கால் எலும்பு நொறுங்கியதும் அந்தக் காலில்தான்.

தகடு வைத்து ஆணி அடித்தார்கள். கட்டுப் பிரித்த பிறகு கால் நடந்தது, படி ஏறியது. ஆனால் பாதம் மேல்நோக்கி மடங்க மறுத்தது. ரப்பர் பட்டையை மாட்டிக்கொண்டு அவர் காலையும் மாலையும் இழுத்துப் பார்த்தார். மசியவில்லை. டாக்டர் நடக்கச் சொன்னார், நுனிக்காலில் நிற்கச் சொன்னார், வேலைக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மிதித்துக் காட்டச் சொல்ல அங்கே பெடல் ஏது?

திரும்பிப் போனவருக்குப் புதிய மின்சார பஸ் கிடைத்தது. கிளட்ச் கிடையாது, இரண்டே பெடல். எல்லாருக்கும் நிம்மதி. இயந்திரப் பொறியியல் படித்த மகளுக்கும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் காரோட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். முன்னால் போன வேன் சட்டென்று நின்றது. அவள் பிரேக் பிடிப்பதற்குள் அவருடைய கால் தரை விரிப்பை அழுத்திவிட்டது. இடது கால்.

"அப்பா, எந்தக் கால்ல பிரேக் பிடிக்கறீங்க?"

"வண்டி நிக்குதா இல்லையா? எந்தக் காலா இருந்தா என்னம்மா."

"கிளட்ச் வண்டி குடுத்தா? அதுல இடது காலுக்குக் கிளட்ச்தானே இருக்கும்?"

"குடுக்க மாட்டாங்க."

"குடுத்தா?"

"இன்ஜினியரம்மா, ரோட்டைப் பாருங்க. என் காலைவிட உங்க பிரேக்தான் எனக்கு வயித்தைக் கலக்குது."

அவள் சிரிக்கவில்லை. மேனேஜரிடம் சொல்லிவிடச் சொன்னாள்.

"சொன்னா பஸ் ஸ்டாண்டுல கூண்டுக்குள்ள உக்கார வெச்சு டிக்கெட் கிழிக்கச் சொல்லுவாங்க. செத்தாலும் அது மட்டும் வேணாம்."

அதன்பின் அவள் கண் அந்தக் காலை விட்டு அகலவில்லை. டிவியில் ஏதாவது குறுக்கே ஓடினால் இடது கால் தரையை மிதிக்கும். தூக்கத்திலும் மிதித்தது. கேட்டால், கொசு என்றார்.

ஒரு நாள் காலை மின்சார பஸ்ஸுக்குச் சார்ஜ் ஏறவில்லை. பழைய வண்டியை எடுக்கச் சொன்னார் மேனேஜர். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். பஞ்சுக்கால் சாவியை வாங்கிக்கொண்டார்.

"பழசு உங்களை விடுதா பாருங்க அண்ணே," என்றார் கண்டக்டர்.

நிதானமாகத்தான் ஓட்டினாராம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் குனிந்து பெடலைப் பார்த்துக்கொண்டாராம். யோசித்து மிதித்தவரை எல்லாம் சரியாக இருந்தது. தண்ணீர்த் தொட்டி இறக்கத்தில் தள்ளுவண்டி ஒன்று குறுக்கே வந்தது. அங்கே யோசிக்க நேரமில்லை. பஸ் நிற்பதற்குப் பதில் பிடி விட்டதுபோல் ஓடியது.

"பிரேக் இல்ல, பிடிச்சுக்கங்க," என்று சொல்லிவிட்டு வண்டியைத் தான் உட்கார்ந்திருந்த பக்கத்துச் சுவரோடு உரசினார். தள்ளுவண்டிக்காரர் பிழைத்தார். பயணிகளுக்குச் சிராய்ப்பு. சுவர் அவர் இருக்கைவரை உள்ளே வந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அவர் உயிர் போய்விட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மேனேஜர் மகளிடம் வந்தார். "பிரேக் போயிருக்கும்மா. உங்கப்பா மேல ஒரு சொல் வராது. காலையில வண்டியைப் பாத்த மெக்கானிக்கை நாங்க கவனிச்சுக்கறோம்."

மெக்கானிக் மாடிப்படியில் தனியாக உட்கார்ந்திருந்தார். கையில் கிரீஸ் அப்படியே இருந்தது. அவர் பக்கம் யாரும் போகவில்லை.

அவள் கண்டக்டரைத் தனியே அழைத்தாள். "எந்தக் காலால மிதிச்சாரு?"

கண்டக்டர் தன் இடது தொடையைத் தொட்டார். "இதால. விடாம அமுக்கிக்கிட்டே இருந்தாரும்மா."

"வலது கால்?"

"அது சும்மாதான் இருந்துச்சு."

கிளட்சை அமுக்கினால் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு விட்டுப்போகும். இறக்கத்தில் வண்டி இன்னும் வேகமெடுக்கும். பிரேக் போய்விட்டது என்றே கடைசிவரை நம்பியிருக்கிறார் அப்பா.

மேனேஜர் சொன்னது அப்படியே நின்றால் அப்பாவின் பெயர் நிற்கும். அவள் மாடிப்படிக்குப் போனாள்.

"பிரேக் நல்லாத்தான் இருந்துச்சுண்ணே. அப்பா கிளட்சை மிதிச்சிருக்காரு."

மெக்கானிக் நிமிர்ந்தார். அவர் முகத்தில் கோபம்தான் இருந்தது. "யாரு, பஞ்சுக்காலா? கிளட்ச் எது, பிரேக் எதுன்னு அவருக்கா தெரியாது? எனக்காக அந்த மனுஷன் பேரைக் கெடுக்காதம்மா."

வராந்தாவில் இருந்த டிப்போ ஆட்கள் எல்லாரும் அவளையே பார்த்தார்கள். அவள் அவர்கள் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி முதலிலிருந்து மறுபடியும் சொன்னாள்.