தண்ணீர் படாத ஆர்கன்

ஆஸ்பத்திரியில் அவரை எல்லோரும் மிஷின் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். எக்ஸ்ரே மிஷின் படுத்துக்கொண்டாலும் ஆபரேஷன் அறை விளக்கு கண் சிமிட்டினாலும் அவருக்குத்தான் ஆள் வரும். கழுத்தில் மல்டிமீட்டரின் சிவப்பு, கறுப்பு வயர்கள் தொங்க, முப்பத்தாறு வருஷம் அந்த வராந்தாக்களில் நடந்தார். ஓய்வு பெற்ற அன்று பெரிய டாக்டர் மைக்கைப் பிடித்து, "எங்க பேஷண்ட்ல சில பேர் செத்திருக்காங்க. இவரோட பேஷண்ட் ஒண்ணுகூடச் செத்ததில்ல" என்றார். ஒரே கைதட்டல். மிஷின் டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். அடக்கமான மனுஷன் என்று நினைத்தார்கள். முப்பத்தொன்பது வருஷத்துக்கு முன் செத்த ஒன்று வீட்டின் பின்னறையில் கிடப்பது அங்கே யாருக்கும் தெரியாது.

அது ஓர் எலெக்ட்ரானிக் ஆர்கன். மேலும் கீழுமாக இரண்டு வரிசைக் கட்டைகள், காலடியில் வரிசையாகப் பெடல்கள், நடுவில் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஷூ அளவில் ஒரு தனிப் பெடல். அச்சகத்தில் ஃபோர்மேனாக இருந்த அப்பா, மூடப்பட்ட ஒரு கிளப்பிலிருந்து அதை வாங்கினார். ஐந்து பேர் மூச்சு முட்டத் தூக்கி வந்தும் வாசலில் நுழையாமல், கதவைக் கழற்றித்தான் உள்ளே விட்டார்கள். எதற்கு வாங்கினார் என்று அம்மா கேட்டதற்கு, "அழகா இருந்துச்சு" என்றார். அவர் வாழ்க்கையில் காரணமில்லாமல் செய்தது அது ஒன்றுதான்.

வாசித்தது தங்கை. வீட்டில் அவளுக்குப் பாப்பா என்று பெயர். கல்யாணமாகிப் பேரன் எடுத்த பிறகும் பாப்பாதான். பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர் ஒரு வருஷம் சொல்லிக்கொடுத்துவிட்டு, "இனி எங்கிட்டச் சரக்கு இல்ல" என்று கைவிரித்துவிட்டார். அதற்குப் பிறகு அவளே காதால் கேட்டுக் கேட்டு வாசித்தாள். பத்தொன்பது வயதில் வானொலி நிலையத்து வாத்தியக் குழுவுக்கு ஆள் எடுப்பதாக அறிவிப்பு வந்தது. எழுதிப் போட்டாள். நேரில் வந்து வாசித்துக்காட்டச் சொல்லிக் கடிதமும் வந்தது.

அதற்கு எட்டு நாள் இருக்கும்போது ஆர்கன் ஊமையாகிவிட்டது. ஸ்விட்சைப் போட்டால் விளக்கு எரிகிறது, கட்டையை அழுத்தினால் சத்தமில்லை. வீட்டில் அப்போது பாப்பா மட்டும்தான் இருந்தாள். ஆர்கனின் மேல்பலகையில் ஒரு தண்ணீர் டம்ளர் இருந்தது.

அண்ணனுக்கு அப்போது இருபத்தொன்று. ரேடியோ மெக்கானிக் படிப்பை முடித்து ஒரு மாதம். சான்றிதழை அப்பா ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தார். பின்பலகையைக் கழற்றிப் பார்த்தவனுக்குத் திக்கென்றது. படித்த படிப்பில் இப்படி ஒன்றைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. நூடுல்ஸ் மாதிரி வயர். அரைமணி நேரம் டார்ச்சை அங்கும் இங்கும் அடித்தான். பின்னால் அப்பா கைகட்டி நின்றார்.

"என்னடா, படிச்ச படிப்பு என்ன சொல்லுது?"

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். மூன்றே வினாடி வெட்கத்தோடு போயிருக்கும். அவன் கண் டம்ளர்மேல் விழுந்தது.

"தண்ணி உள்ள போயிருக்குப்பா. போர்டு எரிஞ்சுபோச்சு. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது."

"நான் தண்ணி கொட்டலண்ணா" என்றாள் பாப்பா.

"நீ கவனிச்சிருக்க மாட்ட. கொஞ்சம் சிந்தினாலே போதும்."

அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. ஆர்கன்மேல் ஒரு பழைய படுக்கை விரிப்பைப் போட்டு மூடினார். பாட்டு டீச்சர் ஓடி வந்து, பள்ளிக்கூடத்து ஆர்மோனியத்திலாவது பழகட்டும், நேர்காணலுக்கு அனுப்புங்கள் என்று மன்றாடினார். அப்பா ஒரே வரி சொன்னார்: "எதுக்கு? அங்க இருக்கிற பெட்டியிலயும் தண்ணி ஊத்தவா?"

பாப்பா போகவில்லை. அடுத்த மாதம் டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்த்தார்கள். ஒரு வக்கீல் ஆபீசில் முப்பது வருஷத்துக்கு மேல் தட்டினாள். அவள் அடித்த பக்கத்தில் ஒரு பிழைகூட இருக்காது என்று வக்கீல் பெருமையாகச் சொல்வாராம்.

அப்பா, அம்மா காலத்துக்குப் பிறகு ஆர்கன் மிஷின் டாக்டர் வீட்டுக்கு வந்தது. இஸ்திரிப் பெட்டி, பழைய மெத்தை, கிழிந்த குடை எல்லாம் அதன்மேல் ஏறின. அவர் அதைத் தொடவில்லை. வேலை இருக்கிறது, நேரமில்லை என்பார். ஓய்வு பெற்றதும் அந்தச் சாக்கும் போனது.

"ஒண்ணு ரிப்பேர் பண்ணுங்க, இல்ல பழைய சாமான்காரன்கிட்டக் குடுங்க. இது பெட்டியா பரணான்னே தெரியல" என்றாள் மனைவி.

மழை பெய்த ஒரு திங்கட்கிழமை காலையில் பின்பலகையின் திருகுகளைக் கழற்றினார். உள்ளே எலி ஒன்று எப்போதோ குடித்தனம் நடத்திவிட்டுப் போயிருந்தது. தூசியைப் பெயின்ட் பிரஷால் தட்டித் தட்டி வேக்குவம் கிளீனரால் உறிஞ்சினார். எந்த வயர் எங்கே போகிறது என்று மொபைலில் படம் எடுத்துக்கொண்டார். கட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, அடியில் பென்சிலால் எண் போட்டு, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவித் துண்டில் பரப்பினார். சாப்பாட்டு மேஜை முழுக்கப் பல்வரிசை மாதிரி கிடந்ததைப் பார்த்து மனைவி, "பல் டாக்டராவும் ஆயிட்டீங்களா?" என்றாள். கட்டைகளுக்கு அடியில் தலைமுடி கனத்தில் கம்பிகள். ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் அவற்றைத் துடைக்கவே நாலு நாள் ஆனது. வீங்கிப்போயிருந்த கெப்பாசிட்டர்களை மாற்றினார். ஸ்பீக்கரின் கிழிந்த விளிம்பில் காகிதம் ஒட்டினார்.

பத்தாம் நாள் ஸ்விட்சைப் போட்டார். விளக்கு எரிந்தது. சத்தமில்லை, அன்றைக்கு மாதிரியே.

இப்போது அவருக்குத் தேடத் தெரியும். சத்தம் எங்கே பிறக்கிறது, எங்கே போகிறது என்று போர்டு போர்டாகச் சோதித்துக்கொண்டே வந்தார். எல்லா போர்டும் உயிரோடு இருந்தன. சத்தம் எல்லா இடத்தையும் தாண்டி வந்து, காலடியில், வால்யூம் பெடலில் நின்றுபோயிருந்தது. பெடலைத் திறந்தார். உள்ளே ஒரு குட்டி பல்பு, எதிரே வெளிச்சத்தை உணரும் ஒரு வில்லை. கால் அழுத்த அழுத்த நடுவிலிருக்கும் தகடு விலகி, வெளிச்சம் அதிகமாகி, சத்தம் கூடும். அவ்வளவுதான் விஷயம். பல்பு கறுத்துப்போயிருந்தது. ஃபியூஸ்.

சுண்டு விரல் நகம்கூட இல்லை, அவ்வளவு சிறிய பல்பு. ஒரு பழைய டார்ச்சிலிருந்து கழற்றிப் பொருத்தமான ஒன்றை வைத்தார். கட்டையை அழுத்தியதும் ஆர்கன் அலறியது. மனைவி கையில் கரண்டியோடு ஓடி வந்தாள்.

"வந்துடுச்சா!"

அவர் வேறொரு டார்ச்சை எடுத்துக்கொண்டு மறுபடி பின்பக்கம் போய் ஒவ்வொரு போர்டாகப் பார்த்தார். தண்ணீர் பட்டால் செம்புக் கம்பிகளில் பச்சை பூத்திருக்க வேண்டும், மரத்தில் கறை இருக்க வேண்டும். எங்கேயும் ஒரு பொட்டுகூட இல்லை. தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

விஷயத்தைக் கேட்ட மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு, "பாவம் ஓரிடம், பழி ஓரிடம்னு சொல்வாங்க. இப்ப எதுக்கு அதைக் கிளறணும்? உங்க தங்கச்சி என்னிக்கோ மறந்திருப்பாங்க" என்றாள். அவரும் அப்படித்தான் இருந்துவிடப் பார்த்தார். ஒரு வாரம் தாங்கியது.

பாப்பா மூன்றாம் மாடியில் குடியிருந்தாள். அவர் போனபோது வீட்டுக்காரர் வெளியே போயிருந்தார். உட்காரக்கூட இல்லாமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். கறுத்துப்போன அந்தப் பல்பைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் அதை உருட்டிப் பார்த்தாள்.

"அப்ப நான் கொட்டலையா?"

"இல்ல பாப்பா. அன்னிக்கு எனக்கு ஒண்ணும் புரியல. தெரியலன்னு சொல்ல வாய் வரல."

"நான் கொட்டினேன்னே நினைச்சுட்டிருந்தேன்ணா."

"நீதான் கொட்டலன்னு அன்னிக்கே சொன்னியே!"

"சொன்னேன். அப்புறம் நீ படிச்சவன், நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு தோணுச்சு. யோசிச்சு யோசிச்சுப் பார்த்ததுல டம்ளர் சாஞ்ச மாதிரியே ஞாபகம் வந்துடுச்சு. தண்ணி வழிஞ்சதுகூடக் கண்ணுல தெரியும் எனக்கு." பல்பை மேஜைமேல் வைத்தாள். "இந்த வீட்டுல எந்த மேஜைமேலயும் டம்ளர் வைக்க விடமாட்டேன். எம் பொண்ணை அதுக்காக ஒரு தடவை அடிச்சிருக்கேன்."

அவர் அழுதார். அவள் அழவில்லை. டீ போட்டுக் கொடுத்தாள்.

"எம்மேல கோபமா பாப்பா?"

"கோபப்படறதுன்னா அப்பவே பட்டிருக்கணும். அப்ப எல்லாத்தையும் எம்மேலயே பட்டுத் தீர்த்துட்டேன். இப்ப கையில மிச்சம் இல்லண்ணா."

தெரிந்தவர்களிடமாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று அவருக்கு ஒரு வேகம் வந்தது. கணக்குப் பார்த்தால் அப்பா இல்லை, அம்மா இல்லை, பாட்டு டீச்சர் இல்லை. மிஞ்சியது சித்தப்பா ஒருவர்தான். எண்பத்து நாலு வயது, காது மந்தம். பஸ் ஏறிப் போய் அவர் காதருகே கத்தினார்.

"சித்தப்பா! எங்க வீட்டு ஆர்கன் ஞாபகம் இருக்கா?"

சித்தப்பாவின் முகம் மலர்ந்தது. "இருக்காம! பாப்பா தண்ணி ஊத்திக் கெடுத்துச்சே, அதானே?"

"அவ ஊத்தல! தப்பு என்னுது! பல்புதான் போயிருந்துச்சு!"

"ஆமாமா" என்று சித்தப்பா ஆதரவாக அவர் தோளைத் தட்டினார். "சின்னப் பொண்ணு. தெரியாம ஊத்தியிருக்கும். விட்டுடு."

மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

பாப்பா ஒரு மாதம் கழித்து வந்தாள். கைப்பையைக்கூட வைக்காமல் நேரே பின்னறைக்குப் போனாள். துடைத்துப் பளபளவென்று இருந்த கட்டைகளின் முன் உட்கார்ந்து, அன்று நேர்காணலுக்காகப் பழகியதை ஆரம்பித்தாள். நாலு வரி ஓடியது. ஐந்தாவதில் விரல் திகைத்தது. மறுபடி முதலிலிருந்து வந்தாள். மறுபடியும் அதே இடம்.

"இதுக்கு மேல வரல" என்றாள். "எல்லா விரலும் ஒரே மாதிரி குத்துது பாருங்க அண்ணி. டைப் அடிக்கிற கை."

ஆர்கனை எடுத்துப்போகச் சொன்னார் அவர். மாடிப்படி திரும்பும் இடத்தில் அது நுழையாது என்றாள். கதவைக் கழற்றலாம், சுவரைக்கூட இடிக்கலாம் என்றார். "சும்மா இருண்ணா" என்றாள்.

இப்போது மாதத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ வருகிறாள். வந்தால் பின்னறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். அவள் வாசிக்கும்போது வீட்டில் யாரும் டிவி போடுவதில்லை. மிஷின் டாக்டர் அடுப்படியில் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறார். பழைய அந்தப் பாட்டை அவள் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. சின்னப் பிள்ளைகள் பழகுகிற எளிய பாடங்களை முதலிலிருந்து வாசிக்கிறாள். போகும்போது, "மேல் வரிசையில ஒரு கட்டை கொஞ்சம் ஒட்டுதுண்ணா, பாரு" என்பாள். அவள் படி இறங்குவதற்குள் அவர் ஸ்குரூடிரைவரை எடுத்துவிடுவார்.