அய்யாவு ஊற்றிய தேத்தண்ணி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு தேயிலைக் கம்பெனி லோரியில் ஊர் ஊராகப் போய் இலவசமாகத் தேத்தண்ணி கொடுத்தது. தமுக்குச் சத்தம், வண்ண நோட்டீசு, வெள்ளைப் பீங்கான் கோப்பைகள். அந்த லோரியில் நின்று ஊற்றியவர் என் கொள்ளுத்தாத்தா அய்யாவு. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே கூலி. உயரத்தையும் குரலையும் பார்த்துக் கம்பெனி ஆள் நாகையா அவரைச் சேர்த்துக்கொண்டாராம். வெள்ளைக் கோட்டு, சிவப்புத் தலைப்பாகை.

பிரிக்பீல்ட்ஸ் கோப்பிக் கடையில் அவர் சாதிக்காரர்களுக்கென்று வெளியே ஆணியில் ஒரு பால் டின் தொங்கும். அதில்தான் குடிக்க வேண்டும். லோரி போன கிள்ளான் திருவிழாவில், அந்தக் கோட்டிலும் தலைப்பாகையிலும் அவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. "அண்ணே, இங்க ஒண்ணு!" என்று கைகள் நீண்டன. ஒருவர் இரண்டாவதும் கேட்டு வாங்கினார். இந்த இடத்தைச் சொல்லும்போது அம்மா தானே தலைப்பாகை கட்டியதுபோல் நிமிர்வாள்.

மறுநாள் பிரிக்பீல்ட்ஸ்.

"அங்க நீ தமுக்கு அடி, நான் ஊத்துறேன்," என்றார் நாகையா. "உன் கையால குடிக்க மாட்டானுங்க."

"குடிக்கலைன்னா கோட்டைக் கழட்டித் தந்துடுறேண்ணே. ஊத்தாம இறங்க மாட்டேன்."

ரயில்வே குடியிருப்பின் முன் கூட்டம் கூடியது. யாரும் நெருங்கவில்லை.

"அட, நம்ம அய்யாவு! ராசா வேசமா?"

சிரிப்பு. நாகையா கோட்டுக்குக் கை நீட்டினார். அப்போதுதான் அய்யாவு கூட்டத்தின் பின்னால் சபாபதியைக் கண்டார். ரயில்வே ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. அய்யாவு கொடுத்த காசைத் தண்ணீர் தெளித்து எடுக்கச் சொன்னவர்.

"கிராணி ஐயா! நேத்து கிள்ளான்ல, 'அண்ணே, சீனி தூக்கலா இன்னொண்ணு'ன்னீங்களே. இன்னிக்கும் அப்படியே போடவா?"

எல்லாத் தலைகளும் திரும்பின.

"அது... நீயா?"

"நாந்தான் ஐயா. தேத்தண்ணியும் அதேதான்."

"உள்ள போனது போனதுதான் லா கிராணி! குடிங்க!" என்று ஒரு பெண் கத்தினாள்.

சபாபதி முன்னால் வந்தார். வாங்கிக் குடித்தார். "சீனி பத்தலை," என்றார். அதற்குப் பிறகு அய்யாவுக்குக் கை ஓயவில்லையாம்.

லோரி போனது. அவர் பழைய வேலைக்குத் திரும்பினார். பால் டின் ஆணியிலேயே தொங்கியது. தேயிலை விற்க வந்தவர்களுக்கு அதைப் பற்றி என்ன கவலை? கல்லூரிக் கட்டுரையில் இதை ஒரு வெற்றியாக எழுதப் பார்த்தேன். கை வரவில்லை. தோல்வி என்றும் எழுத முடியவில்லை.

அய்யாவு பிறகு அந்த டின்னைத் தொடவே இல்லை. வழியில் சபாபதியைக் கண்டால் மட்டும் நின்று, மிகப் பணிவாகக் கேட்பாராம்:

"சீனி போதுமா ஐயா?"