பேத்திக்காக ஒரு சவரம்

லேத்துப் பட்டறைக்காரர் தாத்தாவாகி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பேத்தியைக் கொஞ்சக் குனிந்தவரை மகள் தடுத்துவிட்டாள்.

"உங்க தாடி உப்புத்தாள் மாதிரி இருக்குப்பா. வழவழன்னு ஷேவ் பண்ணிட்டு வாங்க, அப்புறம் முத்தம் குடுங்க."

மாப்பிள்ளை, சவரத்துக்கு முன் தடவும் எண்ணெய் ஒரு புட்டி கொடுத்தார். இரும்பு கடையும்போது எண்ணெயைத் தாராளமாக ஊற்றியே பழகிய மனிதர், பாதிப் புட்டியை முகத்தில் கவிழ்த்தார். சோப்பு நுரை வழுக்கிச் சட்டையில் விழுந்தது. பிளேடும் பிசுக்கேறி அடைத்துக்கொண்டது.

மனைவி புட்டியின் மேல் எழுதியிருந்ததைப் படித்துவிட்டுச் சிரித்தாள். "மூஞ்சி என்ன லேத்து மெஷினா? வெந்நீர்ல கழுவிட்டு, நாலு சொட்டு மட்டும் தேய்ங்க. கொஞ்சம் ஊறினப்புறம் நுரை போடுங்க."

அப்படியே செய்தார். பிளேடு எங்கும் இழுக்காமல் ஓடியது. மகள் அவர் கன்னத்தைத் தடவிப் பார்த்து, "ம், பாஸ்!" என்றாள். பேத்தியின் கன்னத்தில் மெல்ல முத்தம் வைத்தார். குழந்தை தூக்கத்தில் சிணுங்கக்கூட இல்லை. மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "ஏங்க, இத்தனை வருஷத்துல எனக்காக ஒரு தடவையாவது இப்படி ஷேவ் பண்ணியிருக்கீங்களா?"

"இப்ப என்ன கெட்டுப்போச்சு?" என்று கன்னத்தை அவள் பக்கம் நீட்டினார்.