கதவுக்கு வெளியே நின்று ஊதியவர்

லெசிபா மோகாஷோவாவின் முன்பற்கள் நான்கும் ஜோகன்னஸ்பர்க் போலீஸ் ஸ்டேஷன் ஒன்றில் போயின. தடியால் ஒரே அடி. ட்ராம்போன் ஊதுகிறவனுக்குப் பல்லில்லாமல் உதடு மட்டும் இருந்து என்ன செய்ய? காற்று நிற்காது, சீறிக்கொண்டு போகும். "அந்தப் பாவி பல்லை மட்டுமா எடுத்தான், என் குரலையே இல்ல எடுத்துட்டான்" என்பார். எழுபத்தெட்டு வயதிலும் அதைச் சொல்லும்போது கை முஷ்டியாகிவிடும்.

சொந்த ஊரான மாமெலோடியில் தேவாலய பேண்டில் சேர்ந்தபோது அவருக்கு மீசைகூட முளைக்கவில்லை. எல்லாருக்கும் எக்காளம்தான் ஆசை. பாதிரியார் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, கையை நீட்டச் சொல்லிப் பார்த்து, எவன் கை நீளமோ அவன் தலையில் ட்ராம்போனைக் கட்டினார். இழுப்புக் குழாயைக் கடைசிவரை தள்ள நீளக் கை வேண்டுமல்லவா. அப்படி வந்து ஒட்டிக்கொண்டதுதான். பகலில் சோடா பாட்டில் கழுவுகிற வேலை, சனி ஞாயிறு கல்யாணமும் நடன ஹாலும். சாக்ஸபோன் ஊதும் கயாபஸ் செரோபே சேர்த்த 'மொரெட்டெலே ஏழுபேர்' குழுவில் லெசிபாவுக்கு இடம் கிடைத்தது. அங்கே ஒவ்வொரு குலத்துக்கும் அடையாளமாக ஒரு விலங்கு உண்டு, அவருடையது முள்ளம்பன்றி. அதனால் ஊரில் மரியாதையாகக் கூப்பிடுகிறவர்கள் "நோக்கோ" என்பார்கள். முள்ளம்பன்றி என்றே அர்த்தம். கோபக்காரருக்குப் பொருத்தமான குலம்தான் என்று பின்னால் சிரிப்பவர்களும் உண்டு.

வாழ்நாளில் அவர் வாசித்துப் பதிவானது மூன்றே முறை. முதல் தடவை ரேடியோவில், இரண்டு பாட்டு. கொஞ்ச நாளில் அதே டேப்பின் மேல் சந்தை மாட்டு விலையைப் பதிந்துவிட்டார்கள். கடைசித் தடவை பல்செட் மாட்டிக்கொண்டு ஒரு சர்ச் ரெக்கார்டில், பாடகர்களுக்குப் பின்னால் நீளமாக ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. "மாடு கத்துற மாதிரி இருக்கும், அதை யாரும் கேக்காதீங்க" என்பார். நடுவில் ஒன்றுதான் இசைத்தட்டு என்று சொல்லத்தக்கது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றில் ஜோகன்னஸ்பர்க்கில் ஏழுபேரும் போட்டது. அதில் 'வண்டி போயிடுச்சு' என்ற பாட்டின் நடுவே ட்ராம்போன் தனியாக எழுந்து பேசும். அதைக் கேட்டு அழாத குடிகாரன் மாமெலோடியில் கிடையாது.

அந்த இசைத்தட்டு அட்டையின் பின்பக்கம் இப்படி அச்சாகியிருந்தது. ட்ராம்போன்: ஜோனாஸ் செரோபே.

ஜோனாஸ், கயாபஸின் தம்பி. டிரம் தூக்கி வருவான், டீ வாங்கி வருவான். ட்ராம்போனைத் துடைக்கக் கொடுத்தால் எந்தப் பக்கம் வாய் என்று கேட்கிற ஆள். ஆனால் கறுப்பர்கள் எங்கே போனாலும் போலீஸுக்குக் காட்ட வைத்திருக்க வேண்டிய பாஸ் புத்தகம் உண்டே, அவனுடையதில் ஜோகன்னஸ்பர்க்கில் வேலை செய்ய முத்திரை இருந்தது. லெசிபாவுக்கு இல்லை. அட்டையில் பெயர் வந்தால், அனுமதியில்லாமல் அந்த ஊருக்குள் போனேன் என்று தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. தம்பி பெயரைப் போட்டுவிடலாமா என்று கயாபஸ் கேட்டார், லெசிபா தலையாட்டினார். அந்த வருஷ முடிவிலேயே வேறொரு கச்சேரிக்குப் போய் அதே ஊரில் மாட்டிக்கொண்டார். பல் போனது அப்போதுதான். எதற்குப் பயந்து பெயரை ஒளித்தாரோ அதுவும் நடந்தது, பெயரும் போனது.

கயாபஸ் எல்லை தாண்டி ஓடி அங்கேயே செத்துப்போனார். மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். மிஞ்சியது இரண்டே பேர். ஊதியவரும், ஊதியதாகப் பெயர் வாங்கியவனும்.

மாமெலோடியில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜாஸ் கிளப் கூடும். யாராவது ஒரு உறுப்பினர் வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டு, பெரிய ஸ்பீக்கர் வைத்து, சோளக் களியும் குடல் கறியும் பீரும் வைத்து, பழைய ரெக்கார்டுகளாகப் போடுவார்கள். தொப்பியும் இரட்டை நிற ஷூவுமாக ஆண்களும் பெண்களும் வந்து இறங்குவார்கள். சும்மா கேட்பதில்லை, ஆடுவார்கள். எந்த வாத்தியம் தனியாகப் பேசுகிறதோ அதைக் காலாலும் கையாலும் அப்படியே ஆடிக் காட்டுவது. ஒரு வழக்கம் உண்டு. அந்தத் தனி வாசிப்பை வாசித்தவரே முற்றத்தில் இருந்தால் அவர் ஆடக்கூடாது. நடுவில் உட்கார வேண்டும். மற்றவர்கள் அவரைச் சுற்றி அவருக்காக ஆடுவார்கள்.

நாற்பது வருஷத்துக்கு மேலாக 'வண்டி போயிடுச்சு' வரும்போதெல்லாம் நடுவில் உட்கார்ந்தது ஜோனாஸ். லெசிபா எழுந்து கேட்டுக்கு வெளியே போய்க் குப்பைத் தொட்டி பக்கத்தில் நிற்பார். சொல்லிப் பார்க்காமலா? கிளப்பில் சொன்னார். சர்ச்சில் சொன்னார். ஜோனாஸ் வீட்டு வாசலில் நின்றே கத்தினார். "பொறாமை பிடிச்ச கிழவன்" என்றார்கள். ஊதிக் காட்டு என்றார்கள்; ஜோனாஸை யாரும் அப்படிக் கேட்டதில்லை, அட்டையில்தான் அவன் பெயர் இருக்கிறதே. பல்செட்டோடு ஊதினால் புஸ்ஸென்று வந்தது. அன்று சிரித்தவர்களின் முகம் ஒவ்வொன்றும் அவருக்கு ஞாபகம் இருந்தது.

அந்தச் சோலோவில் ஓரிடத்தில் சுரம் 'டக்'கென்று வெட்டி, தடுக்கி, பிறகு எழும். அதைத்தான் எல்லாரும் கொண்டாடுவார்கள். ஜோனாஸ் விளக்கம் வேறு சொல்வான்: "ரயில் பெட்டி ஒண்ணோட ஒண்ணு இடிக்குது பாரு, அதை நெனச்சுத்தான் அப்படிப் போட்டேன்."

இந்த வருஷம் விஷயம் முற்றியது. கேப் டவுனிலிருந்து வாண்டிலே என்ற இளைஞர் வந்தார். பழைய ரெக்கார்டுகளைத் திரும்ப வெளியிடுகிற கம்பெனி வைத்திருந்தார். ஏதோ ஒரு நிலவறையில் அந்த இசைத்தட்டின் மூல டேப் முழுசாக அவருக்குக் கிடைத்திருந்தது. புது வெளியீட்டின் அட்டை திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்கு முந்தின நாள், ஞாயிறன்று, கிளப்புக்கு வந்து எல்லாருக்கும் போட்டுக் காட்டுவதாகச் சொன்னார்.

லெசிபாவின் மகள் ராயிசிபே அன்று நாலு மாசக் குழந்தையோடு வந்திருந்தாள். அவருக்கு முதல் பேத்தி. உலகத்திலேயே அவரைக் கோபமில்லாமல் பார்த்தது அந்த ஒரு ஜீவன்தான். இவரும் அதன் முன்னால் மட்டும் குரலை இறக்குவார். உள்ளங்கையில் அதன் காலை வைத்துக்கொண்டு, "நீளமா இருக்கு பாரு, கையும் நீளமா வரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"அப்பா, இன்னைக்காவது சண்டை போடாம இருங்க" என்றாள் ராயிசிபே.

"நாளைக்கு அச்சாயிடும்மா. அப்புறம் நான் செத்தாலும் அது அவன்தான். இன்னைக்குப் போடாம எப்பப் போட?"

லெசிபா நேராக வாண்டிலேயிடம் போனார். "தம்பி, அந்தப் பேரை மாத்து. ஊதினது நான்."

வாண்டிலே மரியாதையாகத்தான் பேசினார். "தாத்தா, அட்டையில வேற பேர் இருக்கு. ஊரும் அவர் பேரைத்தான் சொல்லுது. நான் எதை வச்சு மாத்துவேன்?"

"என் வாயை வச்சு மாத்து!"

"மூச்சு வாங்குது, உக்காருங்க அண்ணே" என்று ஜோனாஸ் பின்னாலிருந்து வந்தான். எழுபத்திரண்டு வயது, க்ரீம் கலர் கோட்டு, தொப்பியில் இறகு. குனிந்து குழந்தையின் கன்னத்தைத் தட்டினான். "பாப்பா, உங்க தாத்தா கத்துறதைக் கேக்காதே. இன்னைக்கு இந்தத் தாத்தா ஊதினதைக் கேளு."

லெசிபா "கையை எடுடா!" என்று போட்ட சத்தத்தில் குழந்தை வீரிட்டது. கிளப் தலைவர் மைலே ஓடிவந்து இடையில் நின்றார்.

"நோக்கோ, வயசுக்குத் தக்க நடந்துக்குங்க. வழக்கம்போல வெளியே போய் நில்லுங்களேன்."

"இன்னைக்குப் போகமாட்டேன். தூக்கிட்டுப் போய்ப் போடுறதானா போடுங்க. டேப்பை முழுசாப் போடச் சொல்லுங்க. பாட்டை மட்டும் இல்ல, முன்னாடி பின்னாடி எல்லாம்."

"முன்னாடி வெறும் பேச்சுதான் தாத்தா" என்றார் வாண்டிலே. "உங்க ஊர் பாஷை, எனக்குப் புரியலை. வெட்டிடலாம்னு இருந்தேன்."

"போடு."

ஜோனாஸ் நடுவில் போய் உட்கார்ந்திருந்தான். கால் மேல் கால்.

ஸ்பீக்கரில் முதலில் இரைச்சல். நாற்காலி இழுபடுகிற ஒலி. பிறகு செத்துப்போன கயாபஸின் குரல், நேற்றுப் பேசின மாதிரி:

"நோக்கோ, நீ உள்ள நின்னா மத்தவன் சத்தமே கேக்காது. வெளிய போய் நில்லு. கதவைத் தொறந்து வச்சுக்கிட்டு அங்கேருந்து ஊது."

இன்னொரு குரல் சிரித்தது. "மழை பெய்யுதுண்ணே. நனைஞ்சா குழாய் துருப்பிடிச்சுடும்." எல்லாப் பல்லும் இருக்கிற வாயிலிருந்து வந்த பேச்சு. லெசிபா தன் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். ராயிசிபே குழந்தையை இறுக்கிக்கொண்டாள். அப்பாவின் அந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை.

"ஜோனாஸ்! கதவைப் பிடிச்சுக்கடா. நோக்கோ கையை முழுசா நீட்டணும், கதவு இடிக்கக்கூடாது. அப்படியே போலீஸ் வருதான்னும் பாத்துக்க."

பிறகு பாட்டு. யாரும் ஆடவில்லை. ட்ராம்போன் எழுந்தது. அந்த இடம் வந்தது, சுரம் 'டக்'கென்று வெட்டித் தடுக்கியது. பாட்டு முடிந்ததும் கயாபஸ் கத்தினார்: "கதவை ஏண்டா விட்ட, மடையா? அவன் குழாய்ல இடிச்சுடுச்சு பாரு!"

"வேன் ஒண்ணு போச்சுண்ணே. போலீஸுன்னு பயந்துட்டேன்" என்றது ஜோனாஸின் இளம் குரல்.

டேப் நின்றது. செரோபே குடும்பத்துக்கு விலங்கு சிங்கம். சிங்கத்தை யாரும் நோக்கோ என்று கூப்பிடமாட்டார்கள். அது முற்றத்தில் இருந்த சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கறிச்சட்டிப் பக்கத்திலிருந்த ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்தாள். "ரயில் பெட்டி இடிச்சுச்சாம்! கதவுல்ல இடிச்சிருக்கு!" பந்தல் முழுக்கச் சிரிப்பு பரவியது.

லெசிபா சிரிக்கவில்லை. "இப்ப சிரிங்க. என்னைப் பார்த்துச் சிரிச்சீங்களே, அதே வாயாலயா?" என்றார். சிரிப்பு அணைந்தது.

மைலே தொண்டையைச் செருமினார். "சரி, நடந்தது நடந்துபோச்சு. ரெண்டு பேருமே பெரியவங்க. அட்டையில ரெண்டு பேரையும் போட்டுடலாம். யாருக்கும் மனவருத்தம் வேண்டாம்."

"என் மனவருத்தம் இவ்வளவு நாளா உங்களுக்கு எங்கேய்யா போச்சு?" லெசிபாவின் குரல் உடைந்தது, ஆனால் இறங்கவில்லை. "அந்தக் குழாய்ல ஊதுறதுக்கு ஒரு வாய்தான் உண்டு. ரெண்டு பேர் ஊத முடியாது. என் பேரு மட்டும் வரணும். இல்லாட்டி இந்த ரெக்கார்டே வர வேண்டாம், கொண்டுபோய்க் கொளுத்துங்க!"

எல்லாரும் ஜோனாஸைப் பார்த்தார்கள். அவன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான்.

"அண்ணன்தான் பேரைக் குடுக்கச் சொன்னாரு" என்றான். "போலீஸ் தேடி வந்திருந்தா நான்தான் முன்னாடி போய் நின்னிருப்பேன். அப்போ அது பெரிய விஷயம்தான். அப்புறம் ஜனங்க கை குடுத்தாங்க. பீர் வாங்கிக் குடுத்தாங்க. நல்லா இருந்துச்சு. விட மனசு வரலை."

"நான் உன் வாசல்ல வந்து நின்னேனே. கதவைச் சாத்தினியே."

"ஆமா, சாத்தினேன்." ஜோனாஸ் எழுந்தான். "தம்பி, என் பேரை எடுத்துடுங்க. அவர் பேரைப் போடுங்க. பதிவு நடக்கிறப்போ நான் இருந்தேன், கதவைப் பிடிச்சேன், அவ்வளவுதான்."

வாண்டிலே அங்கேயே போனை எடுத்து அச்சகத்துக்குப் பேசினார். பெயரை இரண்டு தடவை சொன்னார். லெசிபா பக்கத்தில் நின்று ஒவ்வொரு எழுத்தையும் காது கொடுத்துக் கேட்டார். போனை வைத்த பிறகும் அவர் முகத்தில் கோபம் அப்படியே இருந்தது. இத்தனை வருஷம் ஊறினது ஒரு போனில் வடிந்துவிடுமா?

பாட்டை மறுபடி போட்டார்கள். ராயிசிபே அப்பாவை நடுவில் உட்காரவைத்து மடியில் குழந்தையைக் கொடுத்தாள். ட்ராம்போன் எழுந்ததும் முற்றமே எழுந்து அவரைச் சுற்றி ஆடியது. கூட்டத்தின் ஓரத்தில் ஜோனாஸும் ஆட வந்தான். வாழ்நாளெல்லாம் உட்கார்ந்தே கேட்டவன், ஆடிப் பழக்கமில்லை. கையை நீட்டி மடக்கி, கால் பின்னி, வியர்த்து நின்றான்.

லெசிபா அவனையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவனுக்குக் கை கொடுக்கிற எண்ணம் அவருக்கு இல்லை, கடைசிவரை கொடுக்கவும் இல்லை. ஆனால் தன் சுரம் ஒவ்வொன்றும் தப்பாக மிதிபடுவதைப் பார்த்துப் பொறுக்கவும் முடியவில்லை.

"டேய்!" என்று பாட்டுக்கு மேலே கத்தினார். "அங்க காலை மாத்தாதே, மூச்சு இன்னும் முடியலை. நீளமா இழு. இன்னும். இன்னும்டா!"

ஜோனாஸ் ஒற்றைக் காலில் நின்றபடி, அந்தச் சுரம் தீரும்வரை கையை இழுத்துக்கொண்டே போனான்.