பெரிய மணி கடைசியில்

போன செவ்வாய்க்கிழமை, பேசாலையில் ஜெசிந்தாவின் வீட்டு விறாந்தையில், ஒரு கைபேசியைச் சுற்றி மூன்று பேர் மூச்சுவிடாமல் இருந்தோம். ஜெசிந்தா, அவளுடைய மாமி, நான்.

மறுமுனையில் பிரான்ஸ். முதியோர் இல்லம் ஒன்றின் மேலாளர் அம்மையார் சமையலறை வேலைக்கு நேர்முகம் எடுக்கிறார் — பிரெஞ்சில். வேலை கிடைத்தால், ஆறு வருடமாக அங்கே தனியாக இருக்கும் கணவரிடம் ஜெசிந்தா போய்ச் சேரலாம். கிடைக்காவிட்டால்...

இது இரண்டாவது வாய்ப்பு. முதலாவதைக் கெடுத்தது யார் என்கிறீர்களா? இந்தப் பத்தியை எழுதுகிறவர்தான்.

மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நடக்கும் பிரெஞ்சு வகுப்பில் நாங்கள் இருவரும் படிக்கிறோம். அவளுக்குத் தேவை, எனக்குப் பென்ஷனுக்குப் பிறகு பொழுதுபோக்கு. முப்பது வருடம் இங்கிலிஷ் படிப்பித்தவனுக்குப் பிரெஞ்சு எம்மாத்திரம்? வகுப்பு மிஸ் சொன்னதைக் காதில் போடாமல், ஜெசிந்தாவுக்கு நானே பயிற்சி கொடுத்தேன். இங்கிலிஷ் மாதிரி முதல் அசையில் ஓங்கி அடிக்கச் சொன்னேன். உணவகத்தைச் சொல்லும் ரெஸ்-தோ-ராங் என்றால் ‘ரெஸ்’ஸில் ஒரு குத்து.

முதல் நேர்முகத்தில் அந்த அம்மையார் நாலு தடவை “பார்தோன்?” என்று கேட்டார். அதாவது, என்ன சொன்னீர்கள்? ஐந்தாம் தடவை கேட்கவில்லை — ஒரு மாதம் கழித்துப் பேசுவோம் என்று வைத்துவிட்டார்.

“சேர், நீங்கள் சொல்லித்தந்த மாதிரியேதான் சொன்னனான்” என்றாள் ஜெசிந்தா. கோபமே இல்லாமல் சொன்னாள். அதுதான் சுட்டது.

அடுத்த வகுப்பில் மிஸ் சொற்களை வெட்டி வெட்டிப் பலகையில் எழுதினார். சொக்லேட்டுக்கு ஷோ-கோ-லா. மரக்கறிக்கு லே-கும். எல்லா அசையும் ஒரே அளவு, கடைசி அசையில் மட்டும் கொஞ்சம் பாரம்... நான் தலையாட்டினேன்; வாய் மாறவில்லை. ஜெசிந்தா கைப்பையிலிருந்து செபமாலையை எடுத்தாள்.

“இதைப் பாருங்கோ சேர். சின்ன மணியெல்லாம் ஒரே மாதிரி. ஒவ்வொண்டாத் தள்ளிக்கொண்டு போனா, கடைசியில பெரிய மணி. அங்கதான் விரல் நிக்கும்.”

அசைக்கு ஒரு மணி. வீட்டில் உருட்டினாள், பஸ்ஸில் உருட்டினாள், ஒரு மாதம் முழுக்க உருட்டினாள். என் சட்டைப்பையிலும் தஸ்பீஹ் மணி இருக்கிறது. அதிலும் இடையிடையே பெரிய மணி உண்டு. தினமும் ஓதுகிறேன். எனக்கு இது தோன்றியதா?

செவ்வாய்க்கிழமை அவளுடைய வலது கை செபமாலையில். என்னென்ன சமைப்பீர்கள் என்று கேள்வி வந்தது. மணி நகர்ந்தது. வசனம் முழுவதும் ஒரே சீராக ஓடி, கடைசி அசையில் போய் நின்றது. பத்து நிமிடம். ஒரு ‘பார்தோன்’ இல்லை. பிறகு அம்மையார் சிரிக்கும் சத்தம் கேட்டது. வேலை உங்களுக்குத்தான், எப்போது வரலாம் என்று கேட்டார்.

மாமி சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். நான் அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன். கண் கலங்கிவிட்டது — மறைக்கவுமில்லை. என்னால் கெட்டது அவளால் நேராகிவிட்டதே.

கதிரையை விட்டு எழுந்து, பிரெஞ்சிலேயே வாழ்த்தினேன். ஃபே-லி-சி-தா-சியோங். சந்தோசத்தில் பழைய புத்தி... முதல் அசையிலேயே குத்திவிட்டேன் போலும்.

ஜெசிந்தா செபமாலையைக் கீழே வைக்காமலே கேட்டாள்:

“பார்தோன், சேர்?”