தட்டையாக விரியும் கீல்

தைவானில், ஷூலின் ஊரில் எங்கள் சந்துக்காரர்கள் பாதிப் பேர் லேப்டாப்பின் ஏதோ ஓர் உறுப்பைச் செய்து பிழைப்பவர்கள். பீயுன் வேலை பார்ப்பது கீல் செய்யும் தொழிற்சாலையில். எந்த வாரம் எதை, எவ்வளவு செய்வது என்று திட்டம் போடுவது அவள் பொறுப்பு.

வீட்டு லேப்டாப்பின் மூடி ஓரளவு சாய்ந்தால் போதும். அலுவலகங்கள் வாங்கும் லேப்டாப்பின் மூடியோ மேசையில் தட்டையாக விரிய வேண்டும். அந்தத் தட்டைக் கீலுக்கு ஆர்டர் ஏறினால், கம்பெனிகள் பழைய கணினிகளைத் தூக்கிப்போடக் கிளம்பிவிட்டன என்று பீயுன் சொல்லிவிடுவாள். பழைய மென்பொருளுக்கு இனிப் பாதுகாப்பு கிடையாது என்று அறிவிப்பு வந்தால் எல்லோரும் ஒன்றாக மாற்றுவார்கள். பிறகு நாலைந்து வருடம் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். சென்ற முறை அப்படி ஓய்ந்தபோது, கீல் பொருத்தும் பெண்கள் சம்பளமில்லாத விடுப்பில் வீட்டில் உட்கார்ந்தார்கள். பீயுனின் தங்கையும் அதில் ஒருத்தி.

இந்த முறை தாவ்யுவான் ஊர் லேப்டாப் கம்பெனி போட்ட ஆர்டர் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு. முதலாளி ஜியான் பக்கத்து ஷெட்டை வாடகைக்குப் பேசி, ஆள் எடுக்கவும் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் குப்பை லாரி பாட்டுப் பாடிக்கொண்டு வந்தது. பைகளோடு இறங்கிய கூட்டத்தில் ஷியூலானும் நின்றாள். போட்டிக் கீல் தொழிற்சாலையில் பேக்கிங் செய்பவள்.

"என்னக்கா, முகமே வாடிக் கெடக்கு?" என்று பீயுன் கேட்டாள்.

"ஞாயித்துக்கெழமை கூட விடலடி. எல்லாம் தட்டைக் கீலு, அந்தத் தாவ்யுவான்காரங்களுக்கு. உங்க இடத்துல அவ்வளவு முடியாதுன்னு மொத்தத்தையும் எங்களுக்கே குடுத்துட்டாங்களாம்!"

பீயுன் சிரித்துவிட்டாள். "உங்களால முடியாதுன்னு எங்ககிட்ட சொன்னாங்களே!"

"பேச்ச அப்புறம் வச்சுக்கங்கம்மா," என்று லாரிக்காரர் கத்தினார். "எலும்பப் போயி பன்னித் தீவன வாளில கொட்டுறீங்களே!"

மறுநாள் காலை முதலாளி தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"முதலாளி, ஷெட் வேணாம். சரக்கு கெடைக்காதோன்னு பயந்து ஒரே ஆர்டர ரெண்டு இடத்துலயும் போட்டிருக்காங்க."

"ஆர்டர் கையில இருக்கு. இன்னும் என்ன, சாமி கையெழுத்து வேணுமா?"

"வாங்குறவங்க கையெழுத்து போதும். ரத்து பண்ண மாட்டோம்னு எழுதிக் குடுக்கட்டும். குடுத்துட்டா நானே போய் ஷெட் சாவி வாங்கிட்டு வரேன்."

"கோவிச்சுக்கிட்டு அங்கயே போயிட்டா?"

"எங்க போவாங்க? அங்க இப்பவே ஞாயித்துக்கெழமையும் மெஷின் ஓடுது."

கடிதம் போனது. அந்த வாரம் முழுக்க பதில் இல்லை. முதலாளி அவளுக்குத் தேநீர் ஊற்றவும் இல்லை. கடைசியில் தாவ்யுவானில் கொள்முதல் பார்க்கும் ஃபாங் கூப்பிட்டான்.

"அக்கா, இத்தன வருஷப் பழக்கம். நம்பிக்கை இல்லையா?"

"உம்மேல நம்பிக்கை இல்லாமலா கேக்குறேன், தம்பி? அதையே அப்படியே தாள்ல எழுதி அனுப்பு."

கையெழுத்தோடு வந்த ஆர்டர் முதலில் கேட்டதில் பாதிக்குச் சற்று மேல். ஜியான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மீதி எங்க?"

"மீதி வராது, முதலாளி. இத இருக்கிற ஆளை வச்சே அடுத்த கோடை வரைக்கும் பிரிச்சுச் செய்யலாம்."

அவர் ஷெட்காரருக்குப் போன் செய்து வேண்டாம் என்றார்.

பீயுன் பெண்களிடம் போய், ஞாயிறு வேலை கிடையாது, யாரும் வீட்டில் உட்காரவும் வேண்டாம் என்று அறிவித்தாள். ஸ்க்ரூ முடுக்கும் யாஜென் மட்டும் முகத்தைத் தூக்கிக்கொண்டாள்.

"ஓவர்டைம் காச நம்பிப் பெரிய ஏசி சொல்லி வச்சிருந்தேன். கெடுத்துட்டியேக்கா!"

"சின்னதா வாங்குடி. அடுத்த கோடையில கரண்டு பில்லு கட்டச் சம்பளம் வரும்ல!"