அவள் தேர்ந்தெடுத்த பந்தய வண்டி

கார் பந்தயம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று என் மனைவி முடிவு செய்தபோது நாங்கள் தேனியில் இருந்தோம். அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நான் மின்சார ஆபீசில் வேலை பார்த்தேன். மார்க்கையன்கோட்டையில் அப்பாவின் வாழைத்தோப்பில் டிராக்டர் ஓட்டி வளர்ந்தவள் அவள். மேகமலைக்குப் போனால் வளைவுகளில் அவள்தான் காரை ஏற்றி இறக்குவாள். நான் பக்கத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஆஸ்பத்திரிக்கு அலைந்து, போதும் என்று நாங்களே விட்டுவிட்ட வருஷம் அது. அந்தக் கோடை விடுமுறையில் கோயம்புத்தூரில் ஆரம்பப் பயிற்சி ஒன்றுக்குப் போய்வந்தாள். முகம் வெயிலில் கருத்து, கண் பளபளக்க வந்து நின்றாள்.

"வாடகை வண்டியில கத்துக்கிட்டா நம்மளுக்குக் கட்டுபடியாகாதுங்க. சின்னதா சொந்தத்துல ஒண்ணு வேணும்" என்றாள்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

பிறகு பல வாரம் வீட்டில் அதே பேச்சு. பழைய கார் ஒன்றை வாங்கி, உள்ளே இருப்பதையெல்லாம் கழற்றி, இரும்புக் கூண்டு அடித்து ஓட்டலாம். அது கனம், திருப்பினால் சோம்பும் என்று தள்ளிவிட்டாள். ஒருவர் ஓட்டிச் சலித்த பந்தய வண்டி மலிவாக வந்தது. அதற்கு உதிரி பாகம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். கடைசியில் கிட் கார் என்பதில் வந்து நின்றாள். குழாய்ச் சட்டம், சக்கரத்தைத் தாங்கும் கைகள், ஸ்டீயரிங் எல்லாம் பெட்டி பெட்டியாக வரும். எஞ்சினை நாமே பழைய சின்னக் காரிலிருந்து எடுத்துப் பூட்டிக்கொள்ள வேண்டும்.

"கத்துக்கிறவளுக்கு வேகம் எதுக்குங்க? நான் எப்படியும் எங்கனயாவது கொண்டுபோய் இடிப்பேன். இடிச்சா மறுநாள் தேனி பஜார்ல பொருள் கெடைக்கணும். அதுதான் நல்ல வண்டி."

அவள் நகை ஒன்றை விற்கச் சம்மதித்தபோதுதான் இது விளையாட்டில்லை என்று எனக்கு உறைத்தது.

கிட் செய்து விற்பவரின் பட்டறை கோயம்புத்தூருக்கு வெளியே இருந்தது. அவள் முதலில் எஞ்சினைப் பார்க்கவில்லை. குனிந்து, தலைக்கு மேல் வரும் கூண்டின் பற்றவைப்புகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தாள். குறுக்குக் குழாய் ஏன் இல்லை என்று ஒரு வண்டியைக் காட்டிக் கேட்டாள். "அது விலை கொறைச்சலுங்க, அதனால வெக்கலீங்க" என்றார் அவர். அதை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறி உட்கார்ந்தாள். கால் இரண்டையும் முன்னால் நீட்டிப் படுத்தவாக்கில் உட்காரும் வண்டி.

பெடல்களை மிதித்துப் பார்த்தாள். இடது பாதம் கிளட்சிலிருந்து வழுக்கியது. மறுபடி வைத்தாள். இந்த முறை கால்விரல்கள் பெடலுக்கு அடியில் போய்ச் சிக்கிக்கொண்டன. கையால் முழங்காலைத் தூக்கித்தான் எடுத்தாள்.

"இருங்க அம்மணி, பெடலைக் கொஞ்சம் கிட்டக் கொண்டாந்து தரேனுங்" என்று அவர் ஸ்பேனரோடு குனிந்தார். கிட்டே வைத்தும் அதேதான். செருப்பைக் கழற்றினாள். வெறுங்காலோடும் அதேதான். பாதத்தின் முன்பக்கம் மேலே எழவே இல்லை. கொஞ்ச நாளாக அந்தக் கால் வாசற்படியில் தட்டுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். செருப்பு வார் தளர்ந்திருக்கும் என்று நானும் சொல்லியிருந்தேன்.

"யோசிச்சுச் சொல்றோம்" என்று இறங்கினாள். ஊருக்குத் திரும்பும் வழியில் பாதித் தூரத்திலேயே காரை ஓரங்கட்டி, "நீங்க ஓட்டுங்க" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படிச் சொன்னதில்லை.

மதுரையில் ஊசி குத்தி நரம்புச் சோதனை செய்தார்கள். பிறகு வேறொரு டாக்டர், மறுபடி அதே சோதனை. தசைகளை அசைக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்கின்றன என்றார் டாக்டர். அடுத்தது கை, பேச்சு, கடைசியில் மூச்சு. மாத்திரை அதைக் கொஞ்சம் தள்ளிப்போடும், நிறுத்தாது. அவள் அழவில்லை. "வலது கால் எம்புட்டு நாளைக்கு நல்லாருக்கும் டாக்டர்?" என்று கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் செல்லை எடுத்துக் கோயம்புத்தூர்க்காரருக்குப் பேசினாள். மோட்டார் சைக்கிள் எஞ்சின் பொருத்துகிற வேறொரு மாடல் அவரிடம் இருந்தது. அதில் கிளட்ச் கையில், அதுவும் கிளம்பும்போது மட்டும். வலது காலே போதும்.

என் மாமியார் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்: "மாப்ள, அவ வெசத்தக் கேக்குறாப்ல கேக்குறா. நீங்க வாங்கிக் குடுத்துராதீக."

அறைக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது: "ஆத்தா, படுக்கைல விழப்போறவ நானு. விழுற மட்டும் ஓட்டிக்கிர்றேன்."

மறுநாளே நான் கோயம்புத்தூர் போய்ப் பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன்.

பெட்டிகள் தோப்புக் கொட்டகையில் வந்து இறங்கின. சின்னமனூரிலிருந்து ஒரு பைக் மெக்கானிக் மாலையில் வந்து எங்களோடு வேலை செய்தார். அவள் நாற்காலியில் உட்கார்ந்து படத்தைப் பார்த்துச் சொல்வாள், நாங்கள் பூட்டுவோம். செயின் பல்சக்கரம் அளவு மாறி வந்துவிட்டது. திருப்பி அனுப்பி, வேறு வர வாரக்கணக்கில் ஆனது. அதற்குள் அவள் பள்ளிக்கூட மாடிப்படியில் விழுந்து, வேலையை விட்டாள். கைத்தடி வந்தது. பல்சக்கரம் வந்தபாடில்லை. நான் தினமும் கூரியர் ஆபீசில் போய்க் கத்திவிட்டு வருவேன். உலகத்தில் எனக்குக் கத்துவதற்கு இருந்த இடம் அது ஒன்றுதான்.

வயலை மூடி மனை பிரித்துப் போட்ட ஒரு பிளாட் ஊருக்குப் பக்கத்தில் கிடந்தது. தார் ரோடு போட்டு, மஞ்சள் கல் நட்டு, ஒரு வீடும் வராத இடம். சொந்தக்காரர் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஓட்டிக்கொள்ள விட்டார். காலிப் பெயின்ட் டப்பாக்களை வளைவுகளில் வைத்தோம். அவளைத் தூக்கி உள்ளே வைத்து, பெல்ட்டுகளை இழுத்துப் பூட்டினேன்.

முதல் சுற்று மெதுவாகப் போனாள். பிறகு நான் பார்த்திராத ஒருத்தி ஓட்டினாள். வளைவுக்கு முன்னால் பிரேக், பிறகு திருப்பல், பிறகு ஒரே சீற்றம். ஒவ்வொரு சுற்றிலும் டப்பாவை உரசாமல் உரசிக்கொண்டு போனாள். கடைசி வளைவில் வண்டி சுழன்று மஞ்சள் கல்லில் மோதி நின்றது. நான் ஓடினேன். ஹெல்மெட்டுக்குள் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பிரேக்க சட்டுனு விட்டுட்டேங்க. அடுத்த தடவ விட மாட்டேன்."

முன்சக்கரத்தின் கை ஒன்று வளைந்திருந்தது. அவள் சொன்னபடியே மறுநாள் தேனியில் அதற்கு இரும்பு கிடைத்தது. அதற்குப் பிறகு சில ஞாயிற்றுக்கிழமைகள் ஓட்டினாள். பிறகு ஒரு காலையில் ஸ்டீயரிங்கை வலது கை பிடித்து நிற்கவில்லை. அவளே எஞ்சினை நிறுத்தினாள். "போதும், வீட்டுக்குப் போவோம்" என்றாள். பந்தயத் தடத்துக்கு அந்த வண்டி ஒருமுறைகூடப் போகவில்லை.

அடுத்த வருஷம் முழுதும் தோப்பை ஒட்டிய மாமியார் வீட்டில்தான் இருந்தோம். சக்கர நாற்காலியில் வைத்தால் ஒரு பக்கமாகச் சரிவாள். தலையணை வைத்துப் பார்த்தோம், துண்டால் கட்டிப் பார்த்தோம். பேச்சு குழறி, எனக்கு மட்டும் புரியும் நிலைக்கு வந்திருந்தது. ஒருநாள் கொட்டகைப் பக்கம் கண்ணைக் காட்டினாள். தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வைத்தேன். சீட் அவள் முதுகை இரண்டு பக்கமும் கவ்விக்கொண்டது. தோளுக்கு மேல் பெல்ட்டைப் பூட்டினேன்.

"இறுக்குங்க" என்றாள்.

இறுக்கினேன். நிமிர்ந்து உட்கார்ந்தாள். வேறெந்த நாற்காலியிலும் அவளால் அப்படி உட்கார முடிந்ததில்லை. அன்றிலிருந்து பகலில் அங்கேதான். மாமியார் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு கரண்டியாகக் கஞ்சி ஊட்டுவார். விழுங்க நேரமாகும். கழுத்தில் வழிவதைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு அடுத்த கரண்டியை எடுப்பார்.

ஐப்பசி மழையில் சளி பிடித்தது. தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். திரும்பிக் கொண்டுவந்தபோது அவள் இல்லை.

வண்டியை வாங்கக் கம்பத்திலிருந்து ஒருவர் வந்தார். உட்கார்ந்து பார்த்தார், சீட் அவருக்கு இறுக்கம். மாற்றிக்கொள்வதாகச் சொன்னார். ஸ்டார்ட் செய்து, உறுமலைக் கேட்டுத் தலையை ஆட்டினார்.

"நல்லா வச்சிருந்திருக்காக. ஓட்டுனவுக இப்ப பெரிய வண்டிக்கு மாறிட்டாகளா?"

"என் சம்சாரம். இறந்துட்டா" என்றேன்.

அவர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார். இருவரும் சேர்ந்து தள்ளித்தான் வண்டியை லாரியில் ஏற்றினோம்.